கையும் கல்வியும்: வார்தாவிலிருந்து பாபள் வரை

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுத் தருவது பற்றி இந்த மலருக்கு எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம் என் கடையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. புனேயில் நான் நடத்துவது ஹார்டுவேர் கடை. அறிவியல் கண்காட்சி நெருங்கினால் வைண்டிங் கம்பி, காந்தம், வால்வு டியூப் என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். சில வருடங்களாகப் பிள்ளைகள் வருவது குறைந்து, பெற்றோர் வருவது கூடியிருக்கிறது. சென்ற ஆண்டு நம் தமிழ்க் குடும்பத்துத் தாயார் ஒருவர் வந்தார். "அங்கிள், கம்பியெல்லாம் வேண்டாம். செஞ்சு வெச்ச மோட்டார் மாடல் இருந்தா குடுங்க. பையனுக்கு டியூஷன் இருக்கு, உக்காந்து செய்ய நேரமில்லை" என்றார். நான் அதை விற்பதில்லை. எங்கே கிடைக்கும் என்று வழி சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? கைவேலை என்றாலே படித்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கு நியாயமான ஒரு வரலாறும் இருக்கிறது. நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணில் அதற்கு ஒரு விடையும் கண்டிருக்கிறார்கள். புனேயிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் ஊரில் அந்த விடை கிடைத்தது. இவற்றை வரிசைப்படுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு தொழில்கள்

தமிழ்ச் சமணர் இல்லங்களில் ஸ்ரீபுராணம் வாசிக்கும் வழக்கம் உண்டு. ஜினசேனர் 9ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணக் கதையை ஒட்டி, மணிப்பிரவாள நடையில் அமைந்த நூல் அது. கேட்டதைத் தந்த கற்பக மரங்கள் வற்றிப்போய், மக்கள் பிழைக்க வழி தெரியாமல் நின்றபோது, முதல் தீர்த்தங்கரரான விருஷப தேவர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது அதில் வரும் செய்தி. அசி என்னும் வாள், மசி என்னும் எழுத்து மை, கிருஷி என்னும் உழவு, வித்தை, வாணிபம், சிற்பம் ஆகியவை அந்த ஆறு. தம் பெண்மக்களில் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அவரே கற்றுக்கொடுத்தார் என்றும் மரபு சொல்கிறது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கத் தக்கது. எழுதுவதும் உழுவதும் கல் செதுக்குவதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. எழுத்தும் ஒரு கைத்தொழிலாகவே எண்ணப்பட்டிருக்கிறது. இது பெருமைக்குரிய செய்தி. இன்னொன்று அவ்வளவு பெருமைக்குரியது இல்லை. தொழில்களை வகுத்ததோடு தொழிலை ஒட்டி வருணங்களும் வகுக்கப்பட்டன என்று அதே புராணம் சொல்கிறது. தொழிலையும் பிறப்பையும் சேர்த்துப் போட்ட முடிச்சு எங்கள் மரபிலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த முடிச்சை அவிழ்க்காமல் கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் பிற்காலத்தில் கண்டது.

புனேயில் எழுந்த முதற்குரல்

வெள்ளையர் ஆட்சியில் கைவேலைப் பயிற்சி பெரும்பாலும் கீழ்நிலை ஊழியர்களை உருவாக்கவே ஏற்பட்டது. புனேயின் பழமையான பொறியியல் கல்லூரி 1854இல் தொடங்கியபோது அதன் வேலை, பொதுப்பணித் துறைக்கு வேண்டிய சிறு அதிகாரிகளைத் தயார் செய்வதுதான். சாதாரணப் பள்ளிகளில் படிப்பு வேறு, வேலை வேறு என்றே இருந்தது.

இதை மாற்றிக் கேட்டவர் இந்த ஊர்க்காரரான மகாத்மா ஜோதிராவ் புலே. 1848இல் தம் மனைவி சாவித்திரிபாயுடன் இங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில், தொடக்கப் பள்ளியில் எழுத்து, கணக்கு, வரலாறு இவற்றோடு வேளாண்மையின் அடிப்படையும் இருக்க வேண்டும், சிறிய அளவிலாவது மாதிரிப் பண்ணைகளில் நேரடிப் பயிற்சி தர வேண்டும் என்று கேட்டார். படிப்பை மறுத்துவிட்டு வேலையைக் கொடு என்று அவர் சொல்லவில்லை. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றார்.

வார்தாவில் இரண்டு தமிழர்கள்

அடுத்த பெரிய முயற்சி 1937இல் விதர்ப்பப் பகுதியிலுள்ள வார்தாவில் நடந்தது. அக்டோபர் 22, 23 தேதிகளில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாட்டில் நான்கு தீர்மானங்கள் உருவாயின. ஏழு ஆண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழியில் போதனை, ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடம், பிள்ளைகள் செய்யும் பொருளிலிருந்து நாளடைவில் ஆசிரியர் சம்பளம் என்பவை அவை. திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. இதுவே ஆதாரக் கல்வி எனப்பட்டது.

அந்தக் குழுவில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒருவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. கணக்குத் தணிக்கையாளராக இருந்து, பொருளாதாரம் படித்து, அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தியவர். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் கழித்தவர். மற்றவர் யாழ்ப்பாணத் தமிழரான ஈ.டபிள்யூ. ஆரியநாயகம். தாகூரிடம் சாந்திநிகேதனில் பணியாற்றி, 1930இல் அவரோடு ரஷ்யப் பயணமும் சென்றவர். ஆதாரக் கல்வியை நடத்த 1938இல் ஹிந்துஸ்தானி தாலீமி சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் ஆனார். அவரும் வங்காளத்தவரான அவர் மனைவி ஆஷாதேவியும் நெடுங்காலம் சேவாகிராமத்தில் அந்தப் பள்ளியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

கைத்தொழில் வழியே பாடம் என்றால் எப்படி? நூற்பையே எடுத்துக்கொள்வோம். நூலின் நம்பர் என்று நெசவாளர் சொல்வது ஒரு கணக்கு. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். 20ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 16,800 கெஜம். தக்ளி சுற்றும் பிள்ளை இதைப் போடக் கற்கும்போது பெருக்கல், வகுத்தல், எடை, நீளம் எல்லாம் வந்துவிடும். பஞ்சு விளையும் மண் பூகோளமாகும். பஞ்சுத் துணி எப்படி லங்காஷயர் போனது என்பது சரித்திரமாகும். நல்ல ஆசிரியர் கையில் இது அருமையான வழி.

ஆனால் குறையும் உடனே தெரிந்தது. பிள்ளைகள் உற்பத்தியில் பள்ளியே நடக்க வேண்டும் என்ற பகுதியைப் பேராசிரியர் கே.டி. ஷா போன்றோர் அப்போதே எதிர்த்தார்கள். பள்ளிப் பொருள் கைவினைஞரின் சந்தையில் போட்டிக்கு வரும் என்பது அவர்கள் கவலை. நான் வியாபாரி. விற்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால் பிள்ளைக்குத் தப்புச் செய்து பார்க்க நேரம் கிடைக்காது என்பது எனக்குப் புரிகிறது. தப்பு செய்ய இடமில்லாத இடத்தில் படிப்பு ஏது?

1953: தமிழகத்தின் கசப்பு

சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரண்டு முறையாக வருவார்கள். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலில் உதவிப் பழக வேண்டும். இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

பெரியார் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கிராமத்தில் தகப்பன் தொழில் என்றால் சாதித் தொழில்தான். வண்ணார் வீட்டுப் பிள்ளை பாதி நாள் வெளுக்கப் பழகும், குயவர் வீட்டுப் பிள்ளை மண் குழைக்கும், வக்கீல் வீட்டுப் பிள்ளை என்ன பழகும்? திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அவர் ஆட்சி பள்ளிகளைத் திறப்பதிலும் மதிய உணவிலும் கவனம் வைத்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் நாம். புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் தாத்தாக்களில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளிகளில் முதல் எழுத்து படித்தவர்கள்.

ஆகவே அந்த எதிர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. ஆனால் அதன் பின்விளைவாக இன்னொன்றும் நடந்தது. கைவேலையும் கல்வியும் என்ற பேச்சு வந்தாலே நமக்குக் குலக்கல்வி ஞாபகம் வந்துவிடுகிறது. 2020இல் மத்திய அரசின் புதிய கல்விக் கொள்கை தொழிற்பயிற்சி பற்றிப் பேசியபோதும் தமிழகத்தில் 1953தான் முதலில் நினைவுகூரப்பட்டது. அந்த எச்சரிக்கை அவசியம். அது முழு விலகலாக மாறிவிட்டால், பிள்ளையின் கையில் ஸ்க்ரூடிரைவர் தொடாமலே அவன் எஞ்சினீயர் ஆகிவிடுவான். அதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, வேலை அனுபவம் என்ற பெயரில் கைவேலை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்றது. அதன் உறுப்பினர் செயலராக இருந்தவர் மராட்டியரான ஜே.பி. நாயக். பள்ளிகளில் அந்தப் பாடம் பெரும்பாலும் மெழுகுவர்த்தி ஊற்றுவதும் வாழ்த்து அட்டை ஒட்டுவதுமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நாயக் 1948இல் மும்பையில் தொடங்கிய இந்தியக் கல்வி நிறுவனம் 1976இல் புனேக்கு வந்தது. அதன் நிழலில்தான் நான் சொல்ல வந்த பாபள் முளைத்தது.

பாபள்

பாபள், புனே மாவட்டம் ஷிரூர் வட்டத்தில், நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் வறட்சிப் பகுதிக் கிராமம். டாக்டர் ஸ்ரீநாத் கல்பாக் 1928இல் பிறந்தவர். உணவுத் தொழில்நுட்பத்தில் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு மும்பையில் ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு மனைவியோடு 1983இல் பாபளுக்கு வந்து விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பெயரில் ஆசிரமம் இருந்தாலும் அங்கே கேட்பது கிரைண்டர் சத்தமும் வெல்டிங் சத்தமும்தான்.

பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகள் அறிவு குறைந்தவர்கள் இல்லை, கையால் செய்து கற்கும் இயல்பான வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது என்பது கல்பாக்கின் எண்ணம். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கேயே தங்கிப் படிக்கும் ஓராண்டுப் பயிற்சி ஏற்பட்டது. கூடவே, பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம் என்ற பாடத்தை வகுத்தார். 1980களின் பிற்பகுதியில் பாபளிலும் சுற்றுப்புறப் பள்ளிகளிலும் தொடங்கிய இதை மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. போர்டு 8 முதல் 10 வகுப்பு வரை விருப்பப் பாடமாக ஏற்றுக்கொண்டது. புனேயிலிருந்து இயங்கும் லெண்ட் எ ஹேண்ட் இந்தியா என்ற அமைப்பு பின்னர் இதைப் பல பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றது.

பாடத்தின் அமைப்பைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் கைவேலை. பிரிவுகள் நான்கு: பட்டறை வேலை, மின்சாரமும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், வீடும் உடல்நலமும். ஒவ்வொரு பிள்ளையும் நான்கையும் செய்தாக வேண்டும். பெண்பிள்ளை முகமூடி பிடித்து வெல்டிங் வைக்கும், ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பான். இரத்த வகை பார்ப்பது, மண் பரிசோதனை, வயரிங், கேட் செய்வது என்று ஊருக்குத் தேவையான வேலைகளே பயிற்சி. ஊர்க்காரர்கள் அதற்குக் கட்டணம் கொடுப்பார்கள். காசு கொடுத்தவன் வேலையில் குறை இருந்தால் சும்மா விடமாட்டான். பரீட்சைத் தாளைவிடக் கடுமையான திருத்தம் அது. ஆனால் வார்தாவில் பயந்தது போல ஆசிரியர் சம்பளம் பிள்ளைகளின் தலையில் விழவில்லை.

1953இல் வந்த கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. அங்கே பிள்ளை தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். இங்கே எந்தப் பிள்ளையும் எல்லாத் தொழிலையும் தொட வேண்டும். அங்கே படிப்பு நேரத்தை வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கே பள்ளிக்குள்ளேயே, பாடமாகவே, மதிப்பெண்ணோடு நடந்தது. தேஷ்முக் வீட்டுப் பையன் சாணம் அள்ளி எரிவாயு தயாரித்து, தலித் குடும்பத்துப் பெண் மின்சுற்றைச் சரிபார்த்தால் பிறப்பும் தொழிலும் சேர்ந்த முடிச்சு அங்கே தளர்ந்துதானே ஆக வேண்டும்?

2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தின் துணையோடு பாபளில் ஃபேப் லேப் என்னும் கணினிவழிப் பட்டறை அமைந்தது. எம்.ஐ.டி.க்கு வெளியே தோன்றிய முதல் ஃபேப் லேப்களில் அது ஒன்று. கல்பாக் 2003இல் மறைந்தார். ஆசிரமம் நிற்கவில்லை.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

பாபள் கிராமத்துக்கு என்றால், நகரத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பட்டம் பெற்று, புனே டெல்கோ தொழிற்சாலையில் லாரி செய்யும் வேலையில் சேர்ந்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி உருவங்கள் செய்தார். நான்கு குச்சியில் சதுரம் செய்து விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் போடுகிறார்கள் என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். இந்தத் தீக்குச்சி உருவங்கள் பற்றிய அவரது புத்தகம் 1987இல் வந்தது. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் ஜயந்த் நார்லிகர் 1988இல் தோற்றுவித்த அயூகா வானியல் மையத்தில், பிள்ளைகளுக்கென்றே முக்தாங்கண் விஞ்ஞான சோதிகா என்ற அறிவியல் கூடம் ஏற்பட்டது. மராட்டிய எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே குடும்பத்தின் நன்கொடையில் எழுந்த கட்டிடம் அது. பெயர் புலஸ்த்யா, சப்தரிஷி மண்டல நட்சத்திரம் ஒன்றின் பெயர். 2025 மே மாதம் மறைந்த நார்லிகர், விண்மீன் ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கினார் என்பது சாதாரண விஷயம் இல்லை. 2014 வரை குப்தா அங்கே பணியாற்றினார். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளும் பெரிய பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து குப்பையிலிருந்து பொம்மை செய்தார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த மோட்டாரை என் பேரன் வீட்டில் செய்தான். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பியில் சுற்றிய சுருள். சுருள் ஓடவில்லை, இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நின்றது. கம்பியின் இரண்டு முனையிலும் எனாமலை முழுக்கச் சுரண்டிவிட்டான். ஒரு முனையை முழுக்கவும் மறு முனையைப் பாதிப் பக்கம் மட்டுமே சுரண்ட வேண்டும். அப்போதுதான் அரைச் சுற்றுக்கு மின்சாரம் பாய்ந்து தள்ளும், மறு அரைச் சுற்றில் மின்சாரம் நின்று, பழைய வேகத்தில் சுருள் தானே திரும்பும். முழுக்கச் சுரண்டினால் மறு அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். இதை அவன் நான்காவது சுருளில்தான் கண்டுபிடித்தான். கடையில் வாங்கிய மாடல் முதல் தடவையே ஓடும். அதனாலேயே அது எதையும் கற்றுக்கொடுக்காது.

நாம் செய்யக்கூடியது

இன்று அரசும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் என்ற பெயரில் பள்ளிகளில் பட்டறைக் கூடங்கள் வந்தன. 2020 கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை இல்லாத 10 நாட்களைச் சொல்கிறது. உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் பழக வேண்டுமாம். நல்லதுதான். ஆனால் யாருடைய பிள்ளை யாரிடம் பழகுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏழைப் பள்ளிக்குத் தொழிலும் பணக்காரப் பள்ளிக்கு ரோபோவும் என்று பிரிந்துவிட்டால், 1953 வேறு வேஷத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

நம் முன்னோர் பலர் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தளவாடத் தொழிற்சாலைகளில் ஃபிட்டராகவும் டர்னராகவும் வேலை பார்த்தவர்கள். பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகளிலும் அப்படித்தான். கைத்தொழில் தெரிந்ததால்தான் பாஷை தெரியாத ஊரில் நமக்குச் சோறு கிடைத்தது. ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர்கள் இன்றும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பாடம் எந்த டியூஷனிலும் கிடைக்காது.

சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். அரம் பிடிக்க ஒரு பெரியவர், தைக்க ஒரு பாட்டி, ஃபியூஸ் போட ஒரு எலக்ட்ரீஷியன் போதும். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், பாபளில் வைத்த அதே நிபந்தனை: எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். பையன் பொத்தான் தைக்கட்டும், பெண் துளை போடட்டும், மேனேஜர் மகன் தரையைப் பெருக்கட்டும். இதற்கு வேண்டிய கம்பியும் காந்தமும் வால்வு டியூபும் என் கடையிலிருந்து வரும். விலை வேண்டாம். சுருள் ஓடாமல் போனால் மறுபடியும் கம்பி தருகிறேன்.